லைன் வீட்டுச் சாவி

வால்பாறை
26-1-2025, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இன்றைக்குக் குடியரசு தினம். ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்ததால் ஒரு சம்பள லீவு போயிற்று என்று காலையிலிருந்து எஸ்டேட் லைனே புலம்பிக்கொண்டிருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உன் வீட்டில் சிரிப்பாள். சிரிக்கட்டும். இந்த வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அம்மா கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல். அம்மாவுக்குக் காது மந்தம் என்று பேர்தான். வீடு என்கிற பேச்சை மட்டும் மூன்று கதவு தள்ளிப் பேசினாலும் பிடித்துவிடுகிறாள். வெளியே போய்ப் பேசலாம் என்றால் இருட்டின பிறகு வாசல் தாண்ட முடியாது. போன வாரம் பைப்படியில் கரடி. அதனால்தான் அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பழைய எடை நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காணும் பொங்கலன்று ராத்திரி அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டே நீ ஒன்று சொன்னாய். "நீ ஜூன்ல ரிட்டையர் ஆயிடுவே. என் பெரிய மகனை மேல அனுப்பறேன். உன் இடத்துல அவன் பேரைப் பதிஞ்சுட்டா வீடு நம்மகிட்டயே இருக்கும்ல." அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. தணலைக் கிளறிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை. பத்து வருஷமாக எடைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்ததை எல்லாம் சொன்னால்தான் அந்தப் பதில் உனக்குப் புரியும். அதைச் சொல்லி முடிக்க ஒரு ராத்திரி பத்தாது.

முதலில் உன் கேள்விக்கு நேரான பதில். பதிவார்களா என்றால், பதிவார்கள். ஆபீசில் ஜாடையாக விசாரித்தேன். 22 வயசுப் பையன், இந்த எஸ்டேட்டிலேயே மூன்று தலைமுறை, எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்றதும் கிளார்க் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நாளைக்கே கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். 1999-ல் இதே ஆபீஸ் வாசலில் நீ எத்தனை நாள் நின்றாய் என்று எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு "நிரந்தரம் கிடையாது, வேணும்னா தற்காலிகம், அதுவும் கொழுந்து இருந்தா" என்றார்கள். இப்போது நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் மலையில் வேலையே இல்லை, அதனால் ஜனம் இறங்கிவிட்டது என்று கீழே இருக்கிறவர்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். நீயும் அப்படித்தான் உன் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாய். அது பாதி உண்மை. நடந்த வரிசையைப் பார்த்தால்தான் மீதி தெரியும்.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இங்கே எடுக்கிற கொழுந்தில் நிறைய சோவியத் ரஷ்யாவுக்குப் போனது. சாக்கில் அடித்திருக்கும் புரியாத எழுத்தைப் பார்த்து நீ சிலேட்டில் வரைவாயே. 1991-ல் அந்த நாடே சிதறிப்போனது. 90-களின் கடைசியில் தேயிலை விலை விழுந்தது பார், குன்னூர் ஏலத்தில் விற்கிற காசு உற்பத்திச் செலவுக்கே எட்டவில்லை என்று எல்லா எஸ்டேட்டிலும் ஒரே பாட்டு. தேயிலையில் செலவு என்றாலே பாதிக்கு மேல் கூலிதான். அதனால் முதலில் கை வைத்ததும் ஆளில்தான். ரிட்டையர் ஆகிறவர் இடத்தில் புது ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். பெயின்ட் அடிப்பது நின்றது, கூரைத் தகரம் மாற்றுவது நின்றது. வேலை முதலில் போனது. உன் வயசுப் பையன்கள் அதன் பின்னால் போனார்கள். நீ பஸ் ஏறிய அதே வருஷம், ஜூலை 23-ந் தேதி, மாஞ்சோலைத் தோட்டத்துக்காரர்கள் கூலிக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போய்த் தாமிரபரணியில் பதினேழு உயிர் போயிற்று. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டுத்தான் அப்பா உன்னைத் தடுக்கவில்லை. இது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

அப்புறம் விலை கொஞ்சம் எழுந்தது. மறுபடி ஆள் வேண்டியிருந்தது. ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளைகள் திருப்பூரில் டைலர் ஆகி, பல்லடத்தில் கல்யாணம் பண்ணி, ரேஷன் கார்டையும் மாற்றிவிட்டார்கள். வேலை திரும்பி வந்தபோது ஆள் திரும்பவில்லை. 2001 கணக்கெடுப்பில் வால்பாறையில் 90 ஆயிரத்துக்கு மேல் ஜனம். 2011-ல் சுமார் 71 ஆயிரம். பத்து வருஷத்தில் கொள்ளைநோய் வராமல், அணை உடையாமல், இத்தனை பேர் குறைந்த ஊர் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்? அதற்குப் பிறகு எண்ணவே இல்லை. எண்ணினால் என்ன வரும் என்று எனக்கு எடை நோட்டே சொல்லும். நாம் படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது வகுப்புக்கு வகுப்பு சுவர் இல்லை. இருக்கிற பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்து ஒரு டீச்சர் நடத்துகிறார்.

நம் லைனில் பன்னிரண்டு கதவு. போன வாரம் எண்ணிப் பார்த்தேன்: நான்கு பூட்டு, ஐந்தில் வடக்கத்திக்காரர்கள், மூன்றில்தான் நம் ஆட்கள். நாம், கடைசி வீட்டு மாமா, காப்பகத்து ஆயாம்மா. இந்த மூன்று வீட்டிலும் ஐம்பது வயசுக்குக் கீழே ஒருத்தரும் இல்லை. ஆயாம்மா பார்த்துக்கொள்கிற குழந்தைகள் எல்லாம் இந்தி பேசுகின்றன. இந்த வயசில் அவர் இந்தித் தாலாட்டு கற்றுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு எதிர் வீட்டில் அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். நீ பார்த்தாய், பொங்கலன்று கரும்பு வாங்கிக்கொண்டு போனாளே, அவள்தான். அவள் தமிழில் முதலில் கற்றது எண்கள். இரண்டாவது "தண்ணி". மூன்றாவது "கழிக்காதே அக்கா". மழையில் எடுத்த கொழுந்துக்கு ஈரம் என்று எடையில் நான் கொஞ்சம் கழிக்க வேண்டும், ஆபீஸ் உத்தரவு. அவள் கூடையை ஒரு உதறு உதறி வைத்துவிட்டு என் பேனா முனையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கொழுந்து எடுப்பதில் அவளுக்கு ஒருத்தரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் பிறந்ததே அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லைனில். அங்கே நாள் கூலி 250 ரூபாய்தான். இங்கே நானூற்றுச் சொச்சம், கூடுதல் கிலோவுக்குத் தனிக் காசு. தேயிலையை விட்டு வரவில்லை அவள். குறைந்த கூலித் தேயிலையிலிருந்து கூடின கூலித் தேயிலைக்கு வந்திருக்கிறாள், மூன்று நாள் ரயிலில்.

அவளுடைய பாட்டனார் காலத்தில் வெள்ளைக்காரன் இப்போதைய ஜார்க்கண்ட் பக்கத்துக் காட்டிலிருந்து ஆள் பிடித்து அஸ்ஸாமில் இறக்கினானாம். அவள் அதைச் சொன்னபோது அம்மா, "நம்ம கதைதான்" என்றாள். தாத்தாவைச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தான். அந்த முன்பணத்தை அவர் எத்தனை வருஷம் கழித்தார் என்று யாருக்கும் கணக்கு இல்லை, ஏனென்றால் கணக்கு கங்காணியிடம் இருந்தது. மலேரியாவில் ஒரு சித்தப்பாவும் ஒரு அத்தையும் போனார்கள். டாக்டர் பி.எச். டேனியல் இந்த ஆனைமலைத் தோட்டங்களைப் பார்த்து அந்தக் காலத்துக் கதையை ஒரு புத்தகமாக எழுதினார். அதிலிருந்துதான் 'பரதேசி' படம் எடுத்தார்கள். டி.வி.யில் அந்தப் படம் போட்டபோது அம்மா பாதியில் எழுந்து போய்த் துணி துவைக்க ஆரம்பித்தாள், ராத்திரி ஒன்பது மணிக்கு.

தாத்தாவுக்கும் நமக்கும் நடுவில் ஒரு சட்டம் வந்தது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம். வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குக் காப்பகம், பள்ளிக்கூடம் எல்லாம் கம்பெனி கொடுக்க வேண்டும் என்றது. நாம் இரண்டு பேரும் உயிரோடு இருப்பதே அந்தச் சட்டத்தால்தான் என்று அப்பா சொல்வார், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நீ பிறந்த கதையைச் சொல்லும்போதெல்லாம். நல்ல சட்டம். ஆனால் அதில் வீடு தொழிலாளிக்கு; தொழிலாளியாக இருக்கும் வரைக்கும். தாத்தா பேர் ஆள் பதிவு மஸ்டரில் இருந்ததால் வீடு, பிறகு அப்பா பேர், அம்மா பேர். 2005-ல் அம்மா ரிட்டையர் ஆனபோது உன் அத்தானும் நானும் இருந்தோம். அவர் போன பிறகு நான் ஒருத்தி. எழுபது வருஷத்துக்கு மேல் ஒரே கதவு, ஒரு நாள்கூட அது நம்முடையதாக இருந்ததில்லை. வாடகை கொடுத்ததில்லை, அதனால் வாடகைக்காரர்கூட இல்லை. காலி செய் என்றால் நோட்டீஸ் எந்தப் பேரில் வரும் என்றே தெரியாது.

நீலகிரியில் இப்படி இல்லை பார். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் என்று சொந்தத் தேயிலை வைத்திருக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். விலை விழுந்தால் அவர்களும்தான் அழுகிறார்கள், ஆனால் சொந்தத் திண்ணையில் உட்கார்ந்து அழுகிறார்கள். வால்பாறையில் டவுனை விட்டால் நிலம் எஸ்டேட்டுடையது, அது முடிகிற இடத்தில் புலிகள் காப்பகம். நடுவில் நமக்கு என்று கொத்தமல்லி விதைக்கக்கூட இடம் இல்லை. வெளியூர்க்காரன் ஒருத்தன் காசோடு வந்தாலும் இங்கே நிலம் வாங்கிக் குடியேற வழியில்லை. அதனால்தான் இந்த ஊரில் ஆள் ஏறுவதும் இறங்குவதும் எஸ்டேட் வேலையை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்கிறது. மற்ற ஊரில் ஆலை மூடினால் ஜனம் வேறு வேலை தேடும். இங்கே வேலை போனால் கூடவே கூரையும் போய்விடும், அப்புறம் எங்கே நின்று தேடுவது?

நம்மை இங்கே கட்டிப்போட்டது அந்த வீடுதான். எதிர் வீட்டுக்காரிக்கு அந்தக் கட்டு இல்லை. அவளுக்கு இந்த லைன் வீடு ஒரு சத்திரம். எட்டு மாசம் இருப்பாள், காசு சேர்த்து பிஹு பண்டிகை நேரத்தில் ஊருக்குப் போவாள், வந்தால் வருவாள். வராவிட்டால் வேறு ஒருத்தி வருவாள். அவளைக் கூட்டி வருகிற ஏஜென்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன், அவளுக்கு முன்பணம். அம்மா அந்த ஏஜென்டுக்கு வைத்திருக்கிற பேர் என்ன தெரியுமா? கங்காணி. அவன் முகத்துக்கு நேரேயே கூப்பிடுகிறாள். அவனுக்கு அர்த்தம் தெரியாது, ஏதோ மரியாதை என்று சிரிக்கிறான்.

வடக்கத்திக்காரர்கள் வந்து நம் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கடைசி வீட்டு மாமா சாயங்காலம் சாயங்காலம் பேசுவார். அவர் மகன்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். எந்த வேலையை யார் பிடுங்கினார் என்று கேட்டால் டீ ஆறிவிடும். அந்தப் பெண்கள் வராமல் இருந்திருந்தால் இந்த டிவிஷன் எப்போதோ புதராகியிருக்கும். புதரானால் யாருக்கு வசதி என்று உனக்குத் தெரியும். போன அக்டோபரில் இங்கே ஒரு எஸ்டேட்டில் ஜார்க்கண்ட் தொழிலாளியின் ஆறு வயசுக் குழந்தையைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. அந்த வாரம் முழுக்க எடைக் கொட்டகையில் யாரும் எடைக்குச் சண்டை போடவில்லை. அதிலிருந்து எதிர் வீட்டுக்காரி சாயங்கால எடை முடிந்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறாள், தன் பெண்ணைக் காப்பகத்தில் எடுக்க. ஈரத்துக்கு நான் கழிப்பதை இப்போது நின்று பார்ப்பதில்லை. நானும் கழிப்பதில்லை.

மாஞ்சோலைக்கு இப்போது என்ன ஆயிற்று என்று பார். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் வாங்கிய 99 வருஷக் குத்தகை. 2028-ல்தான் முடிய வேண்டும். போன வருஷம் நடுவிலேயே விருப்ப ஓய்வில் கையெழுத்து வாங்கி வேலையை முடித்துவிட்டார்கள். அரசாங்கத் தேயிலைக் கழகமான டான்டீ எடுத்து நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். டிசம்பரில் தீர்ப்பு வந்தது: அது முடியாது, மறுவாழ்வுக்கு அரசு செய்ய வேண்டியதைச் செய்யட்டும். நாலு தலைமுறை இருந்த இடம் காட்டுக்குத் திரும்புகிறது. காடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், குடிக்கிற தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. அந்த ஜனங்கள் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை, எங்கே போவது என்பதுதான். அந்த டான்டீயே 1964 ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க ஆரம்பித்தது. 2022-ல் அதுவும் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பதாக அரசு உத்தரவு போட்டது. வேலை கொடுக்க என்றே நட்ட தேயிலைக்கு, பறிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

இப்போது என் கணக்கு. 1988-ல் பேர் பதிந்தேன். வருகிற ஜூனில் 58 முடிந்து, 37 வருஷம் சர்வீஸ். கிராஜுவிட்டி என்பது ஒரு வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி. என் நாள் கூலி 440 என்று வைத்தால் 440-ஐ 15-ஆல் பெருக்கி, 37-ஆல் பெருக்கினால் 2,44,200 ரூபாய். நானே மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். சட்டத்தில் முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நடப்பில், வீட்டைக் காலி செய்து சாவியை மேஜையில் வைத்தால்தான் காசோலை நகரும். போன வருஷம் ரிட்டையர் ஆன இரண்டு பேர் பிள்ளைகள் பரீட்சை முடியட்டும் என்று வீட்டில் இருந்துகொண்டார்கள். பணம் எட்டு மாசம் தள்ளிப் போயிற்று. நான் கோர்ட்டு கேஸ் என்று போகிற ஆள் இல்லை, போகிற வயசும் இல்லை. பி.எஃப். கொஞ்சம் வரும். பென்சன் அம்மா மருந்துக்குச் சரியாக இருக்கும். பொள்ளாச்சிக்கு வெளியே ஒரு துண்டு நிலம் என்று நீ ஆசைப்பட்டாயே, 37 வருஷத்துப் பணமும் அதற்கு முன்பணம் கொடுக்கத்தான் காணும்.

ஆகவே, சாவியை என்னிடமிருந்து வாங்கி உன் பிள்ளை கையில் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நீ நினைத்ததை நான் குறை சொல்லவில்லை. நம் வீட்டில் எல்லோரும் அதைத்தான் செய்தோம். ஆனால் நீ கொடுக்கப் போவது வீடு இல்லை தம்பி, முப்பத்தாறு வருஷம். 58 வயசில் அவன் இதே தாளில் இதே கணக்கைப் போடுவான், அதுவும் எஸ்டேட் அதுவரை இருந்தால். மாஞ்சோலைக்காரர்களுக்கும் மூன்று வருஷம் மிச்சம் இருந்தது.

அதற்காக அவன் மலைக்கே வரவேண்டாம் என்கிறேனா? இல்லை. இதில்தான் நீ என்னிடம் கோபப்படுவாய்.

திருப்பூரில் அவன் என்ன செய்கிறான்? பனியன் கம்பெனியில் மிஷின் மெக்கானிக்குக்குக் கையாள். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட், இல்லாவிட்டால் சனிக்கிழமை சம்பளக் கவர் பாதி. நீங்கள் குடியிருப்பதும் லைன் வீடுதானே? பத்து வீட்டுக்கு இரண்டு கக்கூஸ், வருஷத்துக்கு ஒருமுறை வாடகை ஏற்றம். மலையில் லைனை விட்டு இறங்கிக் கீழே லைனில் குடியேறினாய் என்று அந்த நாளில் அத்தான் கேலி பண்ணுவார். உன் கம்பெனியிலும் பக்கத்து டேபிளில் ஜார்க்கண்ட் பையன்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று நீயே சொன்னாய்.

பொங்கலன்று நடந்ததை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை, நீ தூங்கிக்கொண்டிருந்தாய். இங்கே இப்போது ஆள் குறைவால் கையில் எடுப்பது குறைந்துவிட்டது. கத்தரி வந்தது, பிறகு இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு போகிற மோட்டார் மிஷின். அம்மா காலத்து "இரண்டு இலை ஒரு மொட்டு" எல்லாம் போர்டில்தான். மிஷின் குச்சியையும் சேர்த்துத்தான் அள்ளும். அந்த மிஷின்களுக்கு மழையும் சேறும் ஆகாது. நம் டிவிஷனில் இருப்பதில் பாதி எப்போதும் மூலையில் கிடக்கும். ஒரு ஸ்பேர் வேண்டுமென்றால் பொள்ளாச்சிக்கு ஆள் போக வேண்டும், நாற்பது கொண்டை ஊசி இறங்கி ஏற ஒரு நாள் போய்விடும். மிஷின் நின்றால் இரண்டு பேருக்கு அன்றைய கூடுதல் கிலோ காசும் போயிற்று. அன்றைக்கு எதிர் வீட்டுக்காரியின் புருஷன் ஒரு மிஷினை வாசலில் போட்டு இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவன் போய் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை கிடையாது. என் புடவை ஊக்கை வாங்கிக் கார்புரேட்டரைக் குத்திச் சுத்தம் செய்து, அரை மணியில் உறும வைத்துவிட்டான். அன்று சாயங்காலத்துக்குள் மூன்று மிஷின் நம் வாசலுக்கு வந்துவிட்டது. ஒருத்தன் நூறு ரூபாய் கொடுத்தான், ஒருத்தன் முட்டை கொடுத்தான். அவன் முகத்தை நான் பார்த்தேன். திருப்பூரிலிருந்து வந்து இறங்கியபோது இருந்த முகம் இல்லை அது.

புல் வெட்டுகிற மிஷின், மரம் அறுக்கிற மிஷின், மருந்தடிக்கிற பம்பு, டூரிஸ்ட் ஜீப், காட்டேஜ்களில் ஜெனரேட்டர், எல்லாவற்றுக்கும் இங்கே ஆள் தேடுகிறார்கள். காட்டேஜ் வேலைக்கே அனுப்பலாமே என்று உன் வீட்டில் சொன்னாள். ரூம் பாய் வேலை ஏப்ரல், மே, சனி, ஞாயிறு. ஜூனில் மழை பிடித்தால் முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு கோயம்புத்தூர் போய்விடுவார். அந்த வேலைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மிஷின் வேலைக்கு மழைக்காலம்தான் சீசன், மழையிலும் சேற்றிலும்தானே மிஷின் நிற்கும். இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொல்லவில்லை. ஒரு மெக்கானிக்குக்கு இடம் இருக்கிறது, ஐந்து பேர் வந்தால் ஐந்து பேரும் பட்டினி. முதலில் வருகிறவனுக்குத்தான்.

அப்படி அவன் வந்தால் எஸ்டேட் மஸ்டரில் பேர் பதிய வேண்டாம். வெளியே வாடகைக்கு ஒரு வீடு பார்க்கலாம். ரொட்டிக்கடை ஊரில் கீழே ஒரு அறை, மேலே இரண்டு அறை என்று ஒன்று காலியாக இருக்கிறது, போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். சுவரில் ஓதம் இருக்கிறது. அட்வான்ஸ் நான் தருகிறேன், டூல்ஸுக்கு ஐம்பதாயிரம் வரை என் பணத்தில். மீதியைத் தொட மாட்டேன், அது அம்மாவுக்கும் எனக்கும். ஓடாவிட்டால் ஒரு வருஷத்தில் மூடிவிட்டுத் திருப்பூர் பஸ் ஏறட்டும், யாரும் காலி செய்யச் சொல்லாமல் அவனாகவே.

இதில் நீ எதையும் முடிவு செய்ய வேண்டாம். பொங்கலன்று என்னிடம் கேட்டாய், ஆபீசில் கேட்கச் சொன்னாய், உன் வீட்டில் கேட்டாய். அவனைக் கேட்டாயா? கேட்டிருந்தால் ராத்திரி என்னிடம் வந்து, "அத்தை, அப்பா என்னைக் கொழுந்து எடுக்க அனுப்பறாரா?" என்று கேட்டிருக்க மாட்டான். கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு, அட்வான்ஸ் பணம் மிச்சம். அவன் சரி என்றால் மார்ச்சுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை மட்டும் அனுப்பு, அந்த இடத்தைப் பார்க்கட்டும். வரும்போது அவன் ஐ.டி.ஐ. சர்டிபிகேட் நகல் இரண்டு எடுத்து வரச் சொல், கடன் வேண்டியிருந்தால் வங்கியில் கேட்பார்கள்.

பதிலை எழுதித்தான் அனுப்ப வேண்டும். போன் செய்தால் அம்மா எடுத்துவிடுவாள். ஜூனில் இந்தக் கதவைப் பூட்டப் போகிறோம் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. போன வாரம் பின்பக்கம் புதிதாக ஒரு சவுசவு நட்டிருக்கிறாள். பழைய கொடியை யானை மிதித்துவிட்டதாம், இது காய்ப்பதற்குள் பெரியவன் வந்துவிடுவான், பந்தல் போடச் சொல்ல வேண்டும் என்கிறாள். நான் ஒன்றும் சொல்லாமல் நாலு குச்சி வெட்டி நட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கோயில் மணி அடிக்கிறது. வந்துவிடுவாள்.

அன்புடன்,
அக்கா